உகாக்கியால் ஏன் அமைச்சரவை அமைக்க முடியவில்லை? போருக்கு முந்தைய ஜப்பானில் தளபதிகளும் பிரதமர் நாற்காலியும்

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். போருக்கு முந்தைய ஜப்பானைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை "1930களில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது" என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் அங்கே எந்தப் புரட்சியும் வெற்றி பெறவில்லை. 1932 மே 15 அன்று பிரதமர் இனுக்காய் சுயோஷியைக் கடற்படையின் இளம் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆட்சி அவர்கள் கைக்குப் போகவில்லை. 1936 பிப்ரவரி 26 அன்று தரைப்படையின் இளம் அதிகாரிகள் தொடங்கிய கிளர்ச்சி நான்கே நாளில் அடங்கியது. 1889 அரசியலமைப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. நாடாளுமன்றம் கூடியது, தேர்தலும் நடந்தது.

அப்படியானால் இராணுவம் அமைச்சரவைகளை எதைக் கொண்டு கவிழ்த்தது?

என்னைக் குழப்புவது 1937 ஜனவரி. உகாக்கி கசுஷிகே ஜெனரல், பல ஆண்டுகள் தரைப்படை அமைச்சராக இருந்தவர். அமைச்சரவை அமைக்கும்படி பேரரசரே அவருக்குக் கட்டளையிட்டார். ஆனாலும் ஐந்தாம் நாள் "முடியவில்லை" என்று கட்டளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேரரசர் பெயரால் சண்டை போடும் இராணுவம் பேரரசரின் கட்டளையையே தடுத்தது எப்படி? இதற்கு எந்த விதி துணை நின்றது? 1940இல் அட்மிரல் யோனாய் மிட்சுமாசா விழுந்ததும் இதே வழியில்தானா?

பொதுவாக "இராணுவவாதம்" என்று சொல்லி நிறுத்தாமல், எந்த ஆணை, யார் கையெழுத்து, எந்த வரிசை என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

ஏட்டுச்சுவடி

சரியான முடிச்சைப் பிடித்திருக்கிறீர்கள். அதை அவிழ்க்க அரசியலமைப்பைப் புரட்டினால் போதாது. ஓர் அலுவலக அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும்.

தரைப்படை அமைச்சகத்தில் எந்தப் பதவிக்கு எந்தத் தரத்து அதிகாரி வரலாம் என்று சொல்லும் அமைப்பு ஆணை ஒன்று இருந்தது. 1900 மே மாதம், யமகத்தா அரித்தோமோவின் இரண்டாவது அமைச்சரவை அந்த ஆணையோடு சேர்ந்த அட்டவணையின் கீழ் ஒரு குறிப்பைச் சேர்த்தது: அமைச்சரும் அவருக்கு அடுத்த நிலை அதிகாரியும் 'கென்எகி' தளபதிகளாக இருக்க வேண்டும். கென்எகி என்றால் நடப்புப் பணியில் இருப்பவர். ரிசர்வ் பட்டியலுக்குப் போனவரோ ஓய்வு பெற்றவரோ ஆகாது. ஜப்பானிய எழுத்தில் அது இரண்டே எழுத்து. அமைச்சர் ஜெனரலாகவோ லெப்டினன்ட் ஜெனரலாகவோ இருக்க வேண்டும். கடற்படைக்கும் அப்படியே: அட்மிரல் அல்லது வைஸ் அட்மிரல்.

இது நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்த சட்டமில்லை, பேரரசர் பெயரில் வரும் ஆணை. அதனால் அமைச்சரவையே போடலாம், எடுக்கலாம். 1913இல் எடுத்தார்கள், 1936 மே மாதம் திரும்பப் போட்டார்கள்.

அந்த இரண்டு எழுத்துக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது என்றால், நடப்புப் பணியில் உள்ள தளபதியின் பதவி, இடமாற்றம், ரிசர்வுக்கு அனுப்புவது எல்லாம் தரைப்படையின் கையில் இருந்ததால்தான். தளபதிகள் நியமனத்தை மூன்று பேர் பேசி முடிவு செய்வார்கள்: தரைப்படை அமைச்சர், ஜெனரல் ஸ்டாஃப் (போர்த்திட்டம் வகுக்கும் தலைமையகம்) தலைவர், படைப் பயிற்சித் தலைமை ஆய்வாளர். இவர்களை 'மூன்று தலைவர்கள்' என்பார்கள். ஒரு தளபதி துணிந்து "நான் அமைச்சராகிறேன்" என்று கிளம்பினாலும், இந்த மூவரும் அவரை அன்றைக்கே ரிசர்வ் பட்டியலுக்கு அனுப்பிவிடலாம். அனுப்பிய அந்தக் கணமே அவர் கென்எகி இல்லை. தகுதி போயிற்று.

இதோடு அரசியலமைப்பையும் சேர்த்துப் படியுங்கள். மொத்தம் 76 பிரிவு. அதில் 'பிரதமர்' என்ற சொல்லே கிடையாது. 11ஆம் பிரிவு தரைப்படை, கடற்படை இரண்டின் உச்சத் தலைமையைப் பேரரசருக்குக் கொடுக்கிறது. 55ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அமைச்சரும் தனித்தனியாகப் பேரரசருக்கு ஆலோசனை சொல்லி, தனித்தனியாகப் பொறுப்பேற்கிறார். ஆகவே பிரதமருக்குச் சக அமைச்சரை நீக்கும் உரிமை இல்லை. ஓர் அமைச்சர் முரண்டு பிடித்தால் கெஞ்சி ராஜினாமா வாங்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 'அமைச்சரவைக்குள் ஒற்றுமை இல்லை' என்று அத்தனை பேரும் சேர்ந்து விலக வேண்டும். 1941 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்கா ஒருவரைக் கழற்றிவிடக் கொனோஏ ஃபூமிமாரோ தன் அமைச்சரவை முழுவதையுமே ஜூலை 16 அன்று ராஜினாமா செய்ய வைத்து, 18ஆம் தேதி புதிதாக அமைத்தார். ஓர் ஆளை நீக்க அவ்வளவு சுற்று.

இப்போது அமைச்சரவை எப்படி அமைகிறது என்ற வரிசை. முதலில் மூத்த ஆலோசகரான கென்ரோ ஒரு பெயரைச் சொல்வார். 1937இல் உயிரோடிருந்த ஒரே கென்ரோ சைஓன்ஜி கின்மோச்சி. பேரரசர் அந்த நபரை அரண்மனைக்கு அழைத்துக் கட்டளை தருவார். இந்தக் கட்டத்தில் அவர் இன்னும் பிரதமர் இல்லை, அமைக்கக் கட்டளை பெற்றவர் மட்டுமே. அவர் ஓரிடத்தில் அலுவலகம் போட்டு ஆள் சேர்ப்பார். மற்ற இலாகாக்களுக்குத் தான் விரும்பியவரைக் கூப்பிடலாம். தரைப்படைக்கு மட்டும் பதவி விலகும் தரைப்படை அமைச்சரிடம் போய் "அடுத்தவரைத் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். மூன்று தலைவர்கள் கூடி ஒரு பெயர் தருவார்கள். கடற்படையில் பதவி விலகும் அமைச்சரே பெயர் தருவார். எல்லா நாற்காலியும் நிரம்பினால்தான் பட்டியலைப் பேரரசர் முன் வைத்துப் பதவியேற்பு. ஒன்று காலி என்றாலும் பட்டியல் இல்லை.

உகாக்கி சிக்கியது இங்கேதான். ஹிரோத்தா கோகி அமைச்சரவை 1937 ஜனவரி 23 விழுந்தது. இரண்டு நாள் முன்பு நாடாளுமன்றத்தில் ஹமாதா குனிமட்சு என்ற உறுப்பினர் தரைப்படையை விமர்சித்துப் பேசினார். தரைப்படை அமைச்சர் தெராவுச்சி ஹிசாய்ச்சி அதை அவமதிப்பு என்றார். "பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள், அவமதித்திருந்தால் நான் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் ஹமாதா திருப்பிக் கேட்டார். சபையைக் கலைக்க வேண்டும் என்று தெராவுச்சி பிடிவாதம் பிடிக்க, அமைச்சரவை உடைந்தது.

சைஓன்ஜி உகாக்கியின் பெயரைச் சொன்னார். உகாக்கி இசு தீபகற்பத்திலிருந்து இரவில் டோக்கியோ வருகிறார். வழியிலேயே இராணுவக் காவல்படைத் தளபதி நக்காஜிமா கெசாகோ காரை நிறுத்தி ஏறி, கட்டளையை ஏற்க வேண்டாம் என்று வற்புறுத்துகிறார். உகாக்கி கேட்கவில்லை. 25ஆம் தேதி விடியுமுன் அரண்மனையில் கட்டளை பெறுகிறார்.

பிறகு தெராவுச்சியிடம் அமைச்சர் கேட்டார். மூன்று தலைவர்கள் மூன்று பெயர் பரிசீலித்தார்கள்: சுகியாமா ஹாஜிமே, நக்காமுரா கோதாரோ, கட்சுக்கி கியோஷி. மூவரும் மறுத்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. தரைப்படை "கட்டளைக்குக் கீழ்ப்படியோம்" என்று ஒருபோதும் சொல்லவில்லை. "ஆள் தர முயன்றோம், யாரும் சம்மதிக்கவில்லை, உகாக்கி வந்தால் படைக்குள் கட்டுப்பாடு நிற்காது" என்றுதான் சொன்னது. பேரரசரை எதிர்த்ததாக ஒரு தாளில்கூட எழுத்து இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான்.

உகாக்கி அடுத்து, கொரியாவில் இருந்த படையின் தளபதி கொய்சோ குனியாக்கியை நேரடியாகக் கேட்டார். கொய்சோ மூன்று தலைவர்களின் சம்மதம் இல்லாமல் வர மறுத்தார். ஏன் என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும்: அவர் டோக்கியோ வந்து சேருமுன் ரிசர்வ் உத்தரவு வந்துவிடலாம். கடைசி வழியாக, பேரரசர் வார்த்தையால் தன்னையே மீண்டும் நடப்புப் பணிக்குக் கொண்டுவந்து, பிரதமரும் தரைப்படை அமைச்சரும் தானே ஆகலாமா என்று உகாக்கி பார்த்தார். அவர் அப்போது ரிசர்வில் இருந்தார். பேரரசருக்கு அருகிருந்து அரசியல் ஆலோசனை சொல்லும் அரண்மனை முத்திரைக் காப்பாளர் யுவாசா குராஹெய் அதற்கு இணங்கவில்லை. பேரரசரை இந்தச் சண்டைக்குள் இழுப்பது ஆபத்து என்பது அவர் நிலை. 29ஆம் தேதி உகாக்கி கட்டளையைத் திருப்பிக் கொடுத்தார்.

சரி, தரைப்படைக்குத் தன் சொந்த ஜெனரல்மேல் ஏன் இவ்வளவு கோபம்? 1925இல் அமைச்சராக இருந்தபோது அவர் நான்கு டிவிஷன்களை (பெரும் படைப்பிரிவுகளை) கலைத்தார்: 13, 15, 17, 18. ஏறத்தாழ 34,000 பேர் குறைந்தார்கள். மிச்சமான பணம் டாங்கி, விமானம், விமான எதிர்ப்புப் பீரங்கி ஆகியவற்றுக்குப் போனது. படையை நவீனமாக்கும் கணக்கில் அது நியாயம். ஆனால் ஒரு டிவிஷன் போனால் தளபதிப் பதவிகளும் கர்னல் பதவிகளும் சேர்ந்தே போகும். அந்தக் காயம் ஆறவில்லை. அதோடு 1931 மார்ச்சில் அவரை ஆட்சியில் ஏற்ற இடைநிலை அதிகாரிகள் சிலர் போட்ட சதித்திட்டம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அதில் அவர் பெயர் அடிபட்டதைக் காட்டியும் மறுத்தார்கள். உள்ளே நடந்த கணக்கு வேறு. கட்சிக்காரர்களோடு பேசத் தெரிந்த, படையையும் அடக்கத் தெரிந்த ஒருவர் பிரதமரானால் தங்கள் திட்டங்கள் நிற்கும் என்று ஜெனரல் ஸ்டாஃபில் இருந்த இஷிவாரா கன்ஜி போன்றவர்கள் அஞ்சினார்கள்.

---

நங்கூரம்

ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு எழுத்தை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டால் பாதி வரலாறு நழுவிவிடும்.

1913க்கும் 1936க்கும் இடையே, விதி தளர்ந்திருந்த 23 ஆண்டுகளில், ரிசர்வ் அதிகாரி ஒருவர்கூடத் தரைப்படைக்கோ கடற்படைக்கோ அமைச்சரானதில்லை. சட்டம் இடம் கொடுத்தது, நடைமுறை கொடுக்கவில்லை. ஏனென்றால் 1913இல் விதியைத் தளர்த்தியதும், தரைப்படை தன் வேலைப் பங்கீட்டையே மாற்றிக்கொண்டது. தளபதிகள் நியமனத்தில் மூன்று தலைவர்களும் இணங்க வேண்டும் என்ற ஏற்பாடு அப்போது எழுத்தில் உறுதியானது. ரிசர்வ்காரர் ஒருவர் அமைச்சராக வந்து உட்கார்ந்தாலும் நியமனம் முழுதாக அவர் கைக்குப் போகாதபடி முன்கூட்டியே வேலி போட்டார்கள். முன்வாசலைத் திறந்துவிட்டு உள்ளறையைப் பூட்டிக்கொண்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

1913இல் விதியைத் தளர்த்திய பிரதமர் யமமோத்தோ கொன்னோஹியோஏ யார்? அவரே கடற்படை அட்மிரல். அதற்குச் சம்மதித்த தரைப்படை அமைச்சர் கிகோஷி யசுட்சுனா சில மாதங்களில் பதவி இழந்தார். லெப்டினன்ட் ஜெனரலாகவே அவர் பணி முடிந்தது, ஜெனரல் பதவி கிடைக்கவில்லை. அமைச்சரவைக்கு ஒத்துழைக்கும் தளபதிக்கு என்ன நேரும் என்பதை அடுத்து வந்த ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தத் தளர்வுக்கே காரணம் 1912இல் நடந்தது. கொரியாவில் இரண்டு புதிய டிவிஷன் வேண்டும் என்றது தரைப்படை. சைஓன்ஜியின் இரண்டாவது அமைச்சரவை பணமில்லை என்றது. தரைப்படை அமைச்சர் உஎஹாரா யூசாக்கு பிரதமரைத் தாண்டி நேரே பேரரசரிடம் போய் ராஜினாமாவைக் கொடுத்தார். அடுத்த அமைச்சரைத் தரைப்படை தரவில்லை, அமைச்சரவை டிசம்பரில் விழுந்தது. பின்னால் வந்தவர் ஜெனரல் கட்சுரா தாரோ. அவருக்குக் கடற்படை தகராறு செய்தது. கடற்படை அமைச்சர் சைத்தோ மகோத்தோ கப்பல் கட்டும் திட்டத்துக்கு உறுதி கேட்டுத் தொடர மறுத்தபோது, பேரரசரின் ஆணை வாங்கி அவரை இருத்தி வைத்தார் கட்சுரா. பேரரசரை அரசியல் கேடயமாக்குகிறார் என்று நாடே கொதித்தது. கூட்டம் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தது. 1913 பிப்ரவரியில் அவரும் போனார். 1937இல் முத்திரைக் காப்பாளர் யுவாசா உகாக்கிக்கு ஏன் தலையசைக்கவில்லை என்பதை இந்தக் கட்சுரா பாடத்தோடு சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

கடற்படை மட்டும் நல்ல பிள்ளை என்று எண்ண வேண்டாம். 1914இல் கியோஉரா கெய்கோ அமைச்சரவை அமைக்கக் கட்டளை பெற்றார். கட்டோ தொமோசாபுரோ கடற்படைச் செலவுக்கு உறுதி கிடைக்காமல் அமைச்சராக மறுத்தார். கியோஉராவும் திருப்பிக் கொடுத்தார். விலாங்கு மீன் சுடும் கடை வாசலில் மணம் மட்டும் பிடித்துவிட்டுச் சாப்பிடாமல் வந்த கதை என்று அதற்கு 'விலாங்கு மண அமைச்சரவை' என்றே ஜப்பானில் பெயர் நிலைத்துவிட்டது. 1912இல் விதி இருந்தது, 1914இல் தளர்ந்திருந்தது. இரண்டிலும் ஆயுதம் ஒன்றே: ஆள் தர மறுப்பது.

இன்னொரு நுணுக்கம். அமைச்சர் வெளிநாடு போனால், நோயில் படுத்தால் அந்த நாற்காலியை யார் பார்ப்பது? 1921இல் கட்டோ தொமோசாபுரோ கடற்படைகளைக் குறைப்பது பற்றிப் பேசிய வாஷிங்டன் மாநாட்டுக்குப் போனபோது, கடற்படை அமைச்சக வேலையைப் பிரதமர் ஹரா தகாஷியே கவனித்தார். அவர் சீருடை போடாதவர். 1930இல் அதே பொருளில் நடந்த லண்டன் மாநாட்டின்போது ஹமகுச்சி ஒசாச்சியும் அப்படியே செய்தார். கடற்படை அதற்கு இடம் கொடுத்தது, தரைப்படை ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. 1930இல் உகாக்கி நோயில் இருந்தபோது, அமைச்சர் பொறுப்பை ஏற்றவர் இன்னொரு தளபதியான அபே நொபுயுக்கிதான். சாதாரண நிர்வாக ஏற்பாடு போலத் தெரியும். ஒரு சிவிலியன் அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டால் அது முன்னுதாரணம் ஆகிவிடும் என்று தரைப்படைக்குத் தெரியும்.

1936இல் விதியைத் திரும்பக் கொண்டுவந்தபோது சொன்ன காரணத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். பிப்ரவரி கிளர்ச்சிக்குப் பிறகு மசாக்கி, அராக்கி போன்ற, கிளர்ச்சிக்காரர்களின் அன்பைப் பெற்ற ஜெனரல்கள் ரிசர்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பின்வாசல் வழியே அமைச்சராகத் திரும்பாமல் இருக்க இந்த விதி தேவை என்றார்கள். ஹிரோத்தா அதை நம்பி ஒப்புக்கொண்டார். கிளர்ச்சியைத் தடுக்கப் போட்ட பூட்டு, ஒன்பதே மாதத்தில் உகாக்கியை வெளியே நிறுத்தியது.

---

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. 1913 வேலிதான் எனக்குத் தெரியாமல் இருந்த கண்ணி. யோனாய் விஷயத்தையும் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி: படை அதிகாரிகளாக இருந்து பிரதமரானவர்கள் மொத்தம் எத்தனை பேர்? ஒவ்வொரு நூலிலும் ஒவ்வோர் எண் வருகிறது.

---

கல்வெட்டு

எண் மாறுவதற்குக் காரணம் எங்கே கோடு போடுகிறோம் என்பதுதான். 1885 டிசம்பரில் அமைச்சரவை முறை தொடங்கியதிலிருந்து 1945 ஆகஸ்ட்டில் சுசுக்கி கந்தாரோ விலகும்வரை 42 அமைச்சரவை, 29 பிரதமர்கள். இவர்களில் 15 பேர் தரைப்படை அல்லது கடற்படைத் தளபதிகள். குரோதா கியோத்தாக்கா, யமகத்தா, கட்சுரா, தெராவுச்சி மசதாக்கே, யமமோத்தோ, கட்டோ தொமோசாபுரோ, தனாக்கா கீச்சி, சைத்தோ, ஒக்காதா கெய்சுக்கே, ஹாயாஷி செஞ்சூரோ, அபே, யோனாய், தோஜோ ஹிதேகி, கொய்சோ, சுசுக்கி. சரணடைவுக்குப் பின் வந்த இளவரசர் ஹிகாஷிகுனியும் ஜெனரல்தான். அவரைச் சேர்ப்பவர்கள் 16 என்பார்கள். முன்னாள் சாமுராய்களான இத்தோ, ஒக்குமா போன்றவர்களையும் 'போர்வீரர்' என்று சேர்த்துவிடும் கட்டுரைகளும் உண்டு. அது தவறு.

1932 மேக்குப் பிறகு மட்டும் எண்ணினால் படம் தெளிவாகும். 11 பிரதமர்களில் 8 பேர் தளபதிகள். அதில் சரிபாதி கடற்படை: சைத்தோ, ஒக்காதா, யோனாய், சுசுக்கி. மீதி நால்வர் தரைப்படை: ஹாயாஷி, அபே, தோஜோ, கொய்சோ. சிவிலியன்கள் ஹிரோத்தா, கொனோஏ, ஹிரனுமா மூவரே. 'தளபதி பிரதமரானார், ஆகவே தரைப்படை ஆண்டது' என்ற வாய்ப்பாடு இங்கே உடைகிறது. சைத்தோவையும் ஒக்காதாவையும் சைஓன்ஜி தேர்ந்தெடுத்தது தரைப்படைக்குக் கடிவாளம் போடத்தான். அவர்கள் மிதவாத அட்மிரல்கள். 1936 பிப்ரவரி 26 காலையில் துப்பாக்கியோடு போனவர்கள் யாரைத் தேடினார்கள் என்று பாருங்கள். முன்னாள் பிரதமர் சைத்தோ கொல்லப்பட்டார். நிதியமைச்சர் தகஹாஷி கொரேகியோவும் பயிற்சித் தலைமை ஆய்வாளர் ஜெனரல் வத்தனாபே ஜோதாரோவும் கொல்லப்பட்டார்கள். சுசுக்கி குண்டடிபட்டுப் பிழைத்தார். பிரதமர் ஒக்காதா வீட்டுக்குள்ளேயே ஒளிந்து தப்பினார். அவர் என்று நினைத்து அவருடைய மைத்துனர் மட்சுவோ தென்சோவைச் சுட்டார்கள். செத்தவர்களிலும் குறிவைக்கப்பட்டவர்களிலும் பாதிக்கு மேல் சீருடைக்காரர்கள்.

பெயர்களில் தடுக்கி விழாமல் இருக்கச் சில குறிப்பு. தெராவுச்சி இருவர்: 1916 முதல் 1918 வரை பிரதமராக இருந்து அரிசிக் கலவரத்தோடு வீழ்ந்த மசதாக்கே தந்தை, 1937இல் ஹமாதாவோடு மோதிய ஹிசாய்ச்சி மகன். கட்டோ மூவர்: தொமோசாபுரோ அட்மிரல், பிரதமரும் ஆனவர்; தக்காஆக்கி பிரதமர், ஆனால் சிவிலியன்; கன்ஜி அட்மிரல், லண்டன் ஒப்பந்தத்தை எதிர்த்தவர், பிரதமர் ஆகவில்லை. இந்த மூவரையும் ஒருவராக்கிய கட்டுரைகள் இணையத்தில் கிடக்கின்றன.

தனாக்கா கீச்சியைத் தனியாக வையுங்கள். படையிலிருந்து விலகி, 1925இல் செய்யூகாய் கட்சியின் தலைவராகி, கட்சித் தலைவர் என்ற வழியில் 1927இல் பிரதமரானார். 1928 பிப்ரவரியில் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்த பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலில், 466 இடத்தில் அவர் கட்சிக்கு 217, எதிர்க்கட்சியான மின்செய்தோவுக்கு 216. அவ்வளவு நெருக்கம். அவரைக் கவிழ்த்தது தேர்தலும் இல்லை, கட்சியும் இல்லை. 1928 ஜூன் 4 அன்று மஞ்சூரியாவில் சீனத் தலைவர் சாங் சுவோலின் ரயிலை ஜப்பானிய அதிகாரிகள் வெடிவைத்தார்கள். குற்றவாளிகளைத் தண்டிப்பதாகப் பேரரசரிடம் சொல்லிவிட்டு, தரைப்படையின் எதிர்ப்பால் செய்ய முடியாமல் போனார். பேரரசர் கடிந்துகொண்டதும் 1929 ஜூலையில் விலகினார். முன்னாள் தரைப்படை அமைச்சர், ஜெனரல், பிரதமர், கட்சித் தலைவர் என நான்கும் சேர்ந்தும் ஒரு கர்னலை நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை.

ரிசர்வ் அதிகாரிகள் மற்ற இலாகாக்களுக்கு வரத் தடை இல்லை என்பதையும் கவனியுங்கள். பிரதமர் நாற்காலி கிடைக்காத அதே உகாக்கி 1938 மேயில் வெளியுறவு அமைச்சரானார், செப்டம்பரில் விலகினார். தரைப்படைக்குத் திரும்பக் கூடாது என்று சொன்ன அராக்கி சடாவோ அதே ஆண்டில் கல்வியமைச்சரானார். பள்ளிக்கூடங்கள் அவரிடம் போயின. 1936 விதி யாரைத் தடுத்தது, யாரைத் தடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

---

ஏட்டுச்சுவடி

யோனாய் பற்றி. 1940 ஜனவரியில் பிரதமரானபோது அவர் நடப்புப் பணியிலிருந்து தாமாகவே ரிசர்வுக்குப் போனார், பிரதமர் வேலையையும் படை வேலையையும் கலக்கக் கூடாது என்று. ஜெர்மனியோடு கூட்டணி வேண்டாம் என்பது அவர் பழைய நிலைப்பாடு. அந்தக் கோடையில் பிரான்ஸ் வீழ்ந்ததும், தரைப்படைக்குப் பொறுமை போயிற்று. இங்கே தரைப்படை அமைச்சர் ஹத்தா ஷுன்ரோக்கு தானாகக் கவிழ்க்க நினைத்தவர் இல்லை. அவர் பேரரசர் குறிப்பிட்டுத் தேர்ந்த ஆள். 1939 ஆகஸ்ட்டில் அபே அமைச்சரவை அமையும்போது, தரைப்படைக்கு ஹத்தா அல்லது உமெசு இருவரில் ஒருவர் என்று பேரரசர் சொன்னார். மூன்று தலைவர்கள் பெயர் தருவது வழக்கம்தான், ஆனாலும் பேரரசர் வாய் திறந்தால் அது வளையும் என்பதற்கு அது சான்று. அவர் பெரும்பாலும் திறக்கவில்லை.

1940 ஜூலையில் ஜெனரல் ஸ்டாஃப் தலைவராக இருந்த 'கானின்' என்ற இளவரசரின் பக்கத்திலிருந்து ஹத்தாவுக்கு விலகும்படி அழுத்தம் வந்தது. அரச குடும்பத்து மூத்தவர், பதவியில் மேலவர், மறுக்க முடியாது. ஜூலை 16 அன்று ஹத்தா ராஜினாமா கொடுத்தார். யோனாய் அடுத்தவரைக் கேட்டார். மூன்று தலைவர்கள் கூடி, யாரும் இல்லை என்றார்கள். அன்றே அமைச்சரவை விலகியது. ஜூலை 22 கொனோஏ வந்தார், தரைப்படை அமைச்சராகத் தோஜோ வந்தார், செப்டம்பர் 27 பெர்லினில் ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆக 1937இல் வாசலிலேயே தடுத்தது, 1940இல் உள்ளிருந்து வெளியே இழுத்தது. பூட்டு ஒன்றுதான்.

தமிழர்களுக்குத் தோஜோவைத் தெரிவது நேதாஜியோடு நின்ற படங்களால். அதனால் அவரைச் சர்வாதிகாரி என்றே எண்ணிவிடுகிறோம். 1941 அக்டோபர் 18 அன்று அவர் பிரதமரானபோது நடப்புப் பணியிலேயே இருக்க அனுமதி பெற்று, ஜெனரலாக உயர்ந்து, தரைப்படை அமைச்சர், உள்துறை அமைச்சர் இரண்டையும் தானே வைத்துக்கொண்டார். மற்றப் பிரதமர்கள் போய்க் கையேந்திய நாற்காலி அவரிடமே இருந்தது. 1944 பிப்ரவரியில் ஜெனரல் ஸ்டாஃப் தலைமையையும் சேர்த்துக்கொண்டார். அப்படியும் 55ஆம் பிரிவு அவரையும் விடவில்லை. சைப்பான் தீவு விழுந்த பிறகு, அமைச்சரவையை மாற்றியமைத்துத் தப்பிக்கப் பார்த்தார். அதற்கு அமைச்சர் கிஷி நொபுசுக்கேயின் ராஜினாமா தேவைப்பட்டது. கிஷி தர மறுத்தார். நீக்கும் அதிகாரம் தோஜோவுக்கு இல்லை. பின்னால் நின்று அவரைத் தள்ளிய முன்னாள் பிரதமர்களில் முன்னணியில் இருந்தவர், 1936இல் மைத்துனரைப் பறிகொடுத்துத் தப்பிய அதே ஒக்காதா கெய்சுக்கே.

---

நங்கூரம்

தோஜோவுக்குப் பின் வந்தவரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை உகாக்கியிடமே திரும்புகிறது.

1944 ஜூலையில் பிரதமரானவர் கொய்சோ குனியாக்கி. 1937இல் உகாக்கி கேட்டும் வர மறுத்த அதே கொரியப் படைத் தளபதி. 1938இலேயே அவர் ரிசர்வுக்குப் போய்விட்டார். போரை நடத்தும் நாட்டின் பிரதமர், ஜெனரல், ஆனால் போர்த்திட்டம் பேசும் தலைமையகக் கூட்டத்துக்குள் போக அவருக்கு உரிமை இல்லை. 1945 மார்ச்சில்தான் தனி அனுமதியால் உள்ளே விட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் தரைப்படை அமைச்சர் சுகியாமா வேறு படைப்பொறுப்புக்குப் போகும் நேரம் வந்தது. தன்னை நடப்புப் பணிக்குத் திரும்ப எடுத்து, அந்த நாற்காலியைத் தனக்கே தரும்படி கொய்சோ கேட்டார். தரைப்படை மறுத்தது. அனாமி கொரேச்சிக்காதான் அடுத்தவர் என்று முன்பே முடிவு செய்திருந்தது.

ஏப்ரல் 5 அன்று கொய்சோ அமைச்சரவை விலகியது.